வங்கிக் கணக்கு எண் எக்செல்லில் சிதையாமல் இருக்க

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை, மல்லிகை கொண்டுவரும் விவசாயிகளுக்கு வங்கி வழியாகப் பணம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக வருகின்றன. டபுள் கிளிக் செய்து திறந்தால் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் 1.23457 என்று தொடங்கி, ஆங்கில ‘இ’ எழுத்தும் கூட்டல் குறியும் போட்டு ஏதோ நிற்கும். அப்போது சேவ் பட்டனைத் தொடாமல் மூடிவிடுங்கள். மூலக்கோப்பு பத்திரமாக இருக்கும்.

எக்செல் ஓர் எண்ணை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 1234567890123456 உள்ளே போனால் 1234567890123450 ஆகிவிடும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் சைபர்களும் போய்விடும். அப்புறம் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிப் பயனில்லை. போன இலக்கம் வராது. 12 இலக்க ஆதார் எண் உள்ளே முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரியும் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் பதிவாகும்.

சரி, எப்படித் திறப்பது? முதலில் காலியான எக்செல் தாளைத் திறங்கள். ‘டேட்டா’ தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’யைச் சொடுக்கி, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டம் வந்ததும் ‘லோட்’ கொடுக்க வேண்டாம், ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ கொடுங்கள்.

அடுத்து, கணக்கு எண் நெடுவரிசையின் தலைப்பில் பெயருக்கு இடப்பக்கம் ‘123’ என்று சின்னக் குறி இருக்கும். அதைச் சொடுக்கி ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். உடனே ஒரு கேள்வி வரும். ‘ரிப்ளேஸ் கரன்ட்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைக் கொடுத்தால், ஏற்கெனவே எண்ணாக மாறி சைபர் போனதைத்தான் டெக்ஸ்ட் ஆக்கும். நிறையப் பேர் தவறவிடும் இடம் இதுதான். கடைசியாக ‘க்ளோஸ் அண்ட் லோட்’. எண்கள் கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டி நின்றால் டெக்ஸ்டாக வந்துவிட்டன என்று அர்த்தம். இரண்டு மூன்று எண்களைப் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள்.

லிப்ரே ஆபிஸில் வேலை இன்னும் சுலபம். கோப்பைத் திறக்கும்போதே வரும் பெட்டியில் அந்த நெடுவரிசையைத் தொட்டு ‘டெக்ஸ்ட்’ கொடுத்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் ‘இம்போர்ட்’ செய்யும்போது, எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் டிக் குறியை எடுத்துவிடுங்கள். கையால் தட்டச்சு செய்தால், எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்.

ஒரே கணக்கு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று, எத்தனை முறை வருகிறது என எண்ணிச் சொல்லும் கவுண்ட்இஃப் ஃபார்முலா போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க: டெக்ஸ்டாக இருந்தாலும் அது எண்ணாக்கித்தான் ஒப்பிடும். 16 இலக்கத்தில் கடைசி மட்டும் வேறுபடும் இரு விவசாயிகளின் கணக்குகளை ஒன்று என்று சொல்லிவிடும். தேடும் எண்ணோடு &"*" சேர்த்தால் எழுத்தாகவே ஒப்பிடும்.

முடித்த பட்டியலை அடுத்தவருக்கு எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள். சிஎஸ்வியில் ‘இது டெக்ஸ்ட்’ என்ற குறிப்பு தங்காது. அவர் டபுள் கிளிக் செய்தால் பழையபடி சிதைந்துவிடும்.