மலைப்பாதை லாரிக்கு ஜிபிஎஸ் செட் பண்றது எப்படி: நீலகிரி ஓனர்களுக்கு

டீத்தூள் மூட்டையோ கேரட்டோ ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் இறக்குற சின்ன ஓனருங்க நிறைய பேரு வண்டில ஜிபிஎஸ் மாட்டி, எங்க நிக்குதுன்னு போன்ல பாக்குறதோட விட்டுடுறாங்க. எந்த ரோட்ல, எந்த நேரத்துல, எவ்ளோ வேகத்துல போகலாம்னு அந்த மெஷினையே காவலுக்கு வைக்கலாம். ஆனா மாட்டிக் குடுக்குறவங்க போட்டு வர்ற செட்டிங் கீழ்நாட்டு ரோட்டுக்கு உள்ளது, மலைக்கு ஆகாது.

முதல்ல பாதை. ஜியோஃபென்ஸ்னு (மேப்ல வேலி மாதிரி எல்லை போடுறது) போனா பெரும்பாலும் வட்டம்தான் வரும், வேணாம், குன்னூரைச் சுத்தி வட்டம் போட்டா கோத்தகிரி ரோடும் உள்ள வந்துடும். ரோட்டு மேலயே கோடு இழுத்து ரெண்டு பக்கமும் 100 மீட்டர் விட்டு பட்டையா போடுங்க. கல்லாறுக்கு மேல ரோடு ஒண்ணுக்கு மேல ஒண்ணா மடிஞ்சு கிடக்கு, பாறை ஓரத்துல ஜிபிஎஸ் புள்ளி நழுவும், பட்டை குறுகலா இருந்தா வண்டி ரோட்லயே இருந்தாலும் அலர்ட் அடிச்சுக்கிட்டே இருக்கும், கடுப்பாகி நீங்களே ஆஃப் பண்ணிடுவீங்க. ஊட்டில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டிய, 36 கொண்டை ஊசி உள்ளது, போகவே கூடாத ஏரியான்னு தனியா போட்டுடுங்க. ஷார்ட்கட்னு டிரைவர் என்ன சொன்னாலும் சரி.

வண்டி ஓடும்போது 10 செகண்டுக்கு ஒரு தடவை லொகேஷன் வரணும். 20 கிலோமீட்டர் வேகத்துல 10 செகண்டுன்னா 55 மீட்டர். டேட்டா மிச்சம்னு 1 நிமிஷம் வச்சா 330 மீட்டர், நடுவுல ஒரு வளைவே காணாம போயிடும்.

அடுத்து நேரம். கூடலூர் வழியா மைசூர் போறவங்களுக்குத் தெரியும், பந்திப்பூர் காட்டுல ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரை தடை. அலர்ட்டையும் 9க்கு வச்சா என்ன பிரயோஜனம், வண்டி கேட்டுல போய் நின்னப்புறம்தான் உங்களுக்கு தெரியும். 7.30க்கு மேல கூடலூர் தாண்டி தொரப்பள்ளி பக்கம் திரும்புனாலே போன் அடிக்கிற மாதிரி வைங்க. காட்டுக்குள்ள டவர் இல்லன்னா ஏஐஎஸ் 140 (வண்டி ஜிபிஎஸ்ஸுக்கு உள்ள இந்தியத் தரம்) டிவைஸ் எல்லாத்தையும் சேத்து வச்சு டவர் கிடைச்சதும் அனுப்பும், அதனால மெசேஜ் வந்த நேரத்த பாக்காதீங்க, உள்ள இருக்குற ஜிபிஎஸ் நேரத்த பாருங்க. அதுவும் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா ராத்திரி 9 மணி மத்தியானம் 3.30ன்னு காட்டும், 5.30 மணி நேரம் கூட்டிக்கோங்க, தெரியாம டிரைவர திட்டிட்டு அப்புறம் சமாதானம் பண்ணிட்டு இருக்க வேண்டாம்.

வேகம் 80ன்னு விட்டிருப்பாங்க. மலை ரோட்டு பட்டைக்குள்ள மட்டும் 30ன்னு போடுங்க. இத விட முக்கியமான அலர்ட் ஒண்ணு இருக்கு, யாரும் போடுறதில்ல: இக்னிஷன் ஆஃப், ஆனா வண்டி ஓடுது. டீசல் மிச்சம்னு இறக்கத்துல இன்ஜினை அணைச்சு விடுற ஆளுங்க இன்னும் இருக்காங்க, பிரேக்குக்கு காத்து குடுக்குற கம்ப்ரெஸர் நின்னா பிரேக் அடிக்க அடிக்க காத்து இறங்கிடும், ஸ்டியரிங்கும் கல்லா ஆயிடும். நியூட்ரல்ல விடுறத மட்டும் சாதா ஜிபிஎஸ் கண்டுபிடிக்காது, அதுக்கு இன்ஜின் ஆர்பிஎம்மும் (சுத்துற வேகம்) வர்ற டிவைஸ் வேணும். மெயின் பவர் கட் அலர்ட்டையும் ஆன்ல வைங்க, ஒயர புடுங்கினா உள் பேட்டரில மெசேஜ் வரும்.

கடைசியா எடை, ஜிபிஎஸ்ஸுக்கு தெரியாதது இதுதான். ஆஸ்திரேலியால சில பெரிய வண்டிங்கள, இந்தந்த ரோட்ல மட்டும்தான் போகணும், ட்ராக்கர் கட்டாயம்னு கண்டிஷன் போட்டு விடுறாங்க, சிலதுல வண்டிலயே எடை பாக்குற சென்சாரும் உண்டு. நமக்கு எடை மேடை சீட்டு போதும். ஆறு சக்கர வண்டிக்கு சரக்கோட சேத்து மொத்தம் அதிகபட்சம் 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5. தாண்டினா 20,000 ரூபா அபராதம், அதுக்கு மேல டன்னுக்கு 2,000. சீட்ட போட்டோ எடுத்து அன்னைக்கு ட்ரிப்போட சேத்து வைங்க, எடை மேடைல வண்டி நின்ன நேரமும் சீட்டுல இருக்குற நேரமும் ஒத்துப்போகுதான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, ஏன்னா வேற வண்டி சீட்ட குடுக்குறதும் நடக்குது.