தண்ணீரை இலவசப் பொருள் என்று எழுதாதீர்கள்: கிடைப்பருமைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 38 தாள். மாணவியாக இருந்தபோது நான் செய்த அதே தவறுகள் கிட்டத்தட்ட அதே வாக்கியங்களில் வந்திருந்தன. பொருளியலாளர் ராபின்ஸின் பெயரை ராபர்ட்சன் என்று எழுதுவது, 1932ஐ 1923 ஆக்குவது எல்லாம் அவசரத்தில் நடப்பவை. அவற்றை விட்டுவிடுகிறேன். புரியாமல் செய்யும் தவறுகள்தான் பரீட்சை முடிந்த பிறகும் நம்மோடு வீட்டுக்கு வருகின்றன.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கிடைப்பருமை என்றால் கிடைப்பது அருமை. இன்றைக்கு நாம் 'அருமை, அருமை' என்று பாராட்டுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'எளிதில் கிட்டாது' என்பதும் இருக்கிறது. 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்று சொல்லும்போது இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கும். லயனல் ராபின்ஸ் 1932இல் பொருளியலுக்குத் தந்த இலக்கணத்தில் மூன்று செய்திகள் உண்டு. மனிதருடைய விருப்பங்களுக்கு அளவில்லை. அவற்றை நிறைவேற்றும் சாதனங்களுக்கு அளவுண்டு. அந்தச் சாதனங்களை வேறு வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, நின்று யோசிப்பவர்கள் குறைவு. கீழே வரும் தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தட்டுப்பாட்டையும் கிடைப்பருமையையும் ஒன்றாக்குவது

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. அந்த விலைக்குக் கேட்டவர்கள் அதிகம், இருந்த தக்காளி குறைவு, அதனால் வரிசை. அது தட்டுப்பாடு. குறிப்பிட்ட ஒரு விலையில், குறிப்பிட்ட ஒரு காலத்தில் வருவது. வரத்து கூடினாலோ விலை மாறினாலோ போய்விடும்.

கிடைப்பருமை அப்படிப் போகாது. தக்காளி விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாது என்று சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் நாளிலும் அது இருக்கிறது. அந்தத் தக்காளிக்குப் போன நிலம், தண்ணீர், மூன்று மாத உழைப்பு எல்லாம் வேறொரு பயிருக்குப் போயிருக்கலாம் அல்லவா? தக்காளி மிஞ்சிப்போயிருந்தாலும் அதை விளைவித்தவை அரியவைதான்.

குறைவாக இருப்பதெல்லாம் அரியது என்பது

அழுகிய முட்டைகூடக் குறைவுதான். யாருக்கும் வேண்டாம்.

காசு கேட்காத பொருளை இலவசப் பொருள் என்பது

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 'இலவசப் பொருட்களுக்கு எடுத்துக்காட்டு தருக' என்ற கேள்விக்கு 38 பேரில் 31 பேர் 'காற்று, சூரிய ஒளி, தண்ணீர்' என்று எழுதியிருந்தார்கள். தண்ணீரைச் சிவப்பு மையால் அடித்தேன். ஒரு மாணவி தாளை எடுத்துக்கொண்டு வந்து, "மிஸ், நோட்ஸ்ல அப்படித்தானே இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம், இருக்கிறது. அதே நோட்ஸைத்தான் நானும் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

குழப்பத்துக்குக் காரணம் 'இலவசம்' என்ற சொல். பொருளியலில் இலவசப் பொருள் என்றால், வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்ட பிறகும் மற்றவர்களுக்கு வேண்டிய மட்டும் மிஞ்சியிருப்பது. நான் எடுப்பதால் யாரும் எதையும் இழக்கவில்லை என்றால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அரசு காசு வாங்காமல் தருவது வேறு. 2011க்குப் பிறகு அரசே 'விலையில்லா மடிக்கணினி', 'விலையில்லா அரிசி' என்றுதான் எழுதியது. விலையில்லை என்பது சரி. அந்த அரிசியை விளைவித்து, அரைத்து, மூட்டை கட்டிக் கொண்டுவர ஆன செலவு இல்லாமல் போய்விடவில்லை. வேறொருவர் கொடுத்திருக்கிறார்.

எங்கள் தோட்டம் திருச்செங்கோட்டுப் பக்கம். கிணற்றின் உட்சுவரில் கருங்கல் படிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிச் சொல்வது சின்ன வயதில் என் வேலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஏழு படி தெரிந்தால் அப்பா முகம் சுருங்கும். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரக் கட்டணம் இல்லை என்றானது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்களைப் போல எங்களையும் அதுதான் காப்பாற்றியது. ஆனால் தண்ணீருக்கும் காசில்லை, கரண்டுக்கும் காசில்லை என்றான பிறகு மோட்டாரை நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. கரண்டு வரும்போது ஓடும், போகும்போது நிற்கும். வாய்க்கால் நிறைந்து பக்கத்துத் தடத்தில் வழிந்தாலும் யாரும் எழுந்து போவதில்லை.

பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கதைதான். நாங்கள் விட்டுவைத்தால் அவர்கள் எடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அவர்களும் எங்களை அப்படியே நினைத்திருப்பார்கள். ஏழு படி பதினைந்தானது, பிறகு அடிப்பாறை தெரிந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தபோது, எங்கள் கிணறு வறண்டு வெகுநாளாகியிருந்தது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஓர் இடத்தைக் காட்டினார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வந்தது. ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மாவும் நானும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். 850 அடி வரை வெள்ளைப் பாறைப் பொடி புகையாகப் பறந்ததே தவிர ஈரம் வரவில்லை. விடியும்போது வேப்பமரம், மாட்டுக்கொட்டகை, அப்பாவின் தலைமுடி எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. அந்தக் குழியில் போன பணம் என் தங்கையின் படிப்புக்கென்று வைத்திருந்தது. மறு வாரம் நான் வகுப்பில் நின்று 'இலவசப் பொருள்: காற்று, தண்ணீர்' என்று எழுதினேன். கை எழுதியது, எனக்கு உறைக்கவே இல்லை.

நகரத்தில் இருப்பவர்களுக்கு 2019 நினைவிருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ரயிலேறி வரும் பொருளை இலவசப் பொருள் என்று எப்படி எழுதுவது? 'பணத்தைத் தண்ணியாச் செலவழிக்கிறான்' என்ற பேச்சு, படி எண்ணத் தேவையில்லாத காலத்தில் பிறந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் அடுத்த கோடிக்குப் போய், "அப்ப தண்ணிக்கு விலை வெச்சுட்டா சரியாயிடும், இல்லையா மிஸ்?" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரோம். பரிசு பெற்றது 2009இல். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே நிலத்தடி நீர் பற்றியதுதான். லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆளாளுக்கு இறைத்து, கடல்நீர் உள்ளே புகுந்த பகுதியில், இறைத்தவர்களே கூடிப் பேசி ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிக்கொண்டதை அவர் ஆராய்ந்தார். விலை ஒரு வழி, கூடிப்பேசி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு இன்னொரு வழி. எந்த வழியானாலும், அந்தப் பொருள் அரியது என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நோட்டு அச்சடித்தால் தீர்ந்துவிடும் என்பது

நோட்டு கூடும். நெல் கூடாது.

பணக்காரருக்குக் கிடைப்பருமை இல்லை என்பது

அவருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான்.

வாய்ப்புச் செலவில் எல்லாவற்றையும் கூட்டுவது

ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட வேண்டியதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. மாற்றுப் பயன் உண்டு என்பது புரிந்தவர்கள்கூட இங்கே வழுக்குகிறார்கள். கைவிட்ட வழிகளையெல்லாம் பட்டியல் போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். கைவிட்டவற்றில் மிகச் சிறந்த ஒன்று மட்டும்தான் கணக்கு.

எங்கள் தோட்டத்தில் இரண்டாவதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் இப்போது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வருகிறது. அதைத் தென்னைக்கு விடலாம், மாட்டுக்குத் தீவனச் சோளம் போடலாம், இல்லை கொஞ்சம் காய்கறி வைக்கலாம். அப்பா தென்னைக்கு விடுகிறார். அதற்குச் சோளமும் காய்கறியும் சேர்ந்து வாய்ப்புச் செலவு என்று எழுதினால் தவறு. அந்த ஒன்றரை மணி நேரத் தண்ணீரில் இரண்டையும் முழுசாக விளைவித்திருக்க முடியாதே. தென்னைக்கு அடுத்து அப்பா மனதில் இருந்தது சோளம். அதனால் சோளம் மட்டும்.