வயித்துக்குள்ள இருக்குற காவல்காரன நாமளே விரட்டாம இருக்க

லேசா வயித்தால போனா போதும், போன தடவ மிச்சம் வச்ச ஆன்டிபயாடிக்க தேடி எடுத்து போட்டுக்குறோம், பெரிய தப்பே இதுதான். வயித்துப்போக்குக்கு பல நேரம் வைரஸ்தான் காரணம், அத இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது, ஆனா பெருங்குடல்ல துண்டு போட்டு இடம் புடிச்சு உக்காந்திருக்குற நம்ம சொந்த பாக்டீரியாவ காலி பண்ணிடும். சீட்டு காலியானா கெட்ட கிருமி சும்மா விடுமா?

1950, 60கள்லயே மார்ஜோரி போன்ஹாஃப், பிலிப் மில்லர்னு ரெண்டு பேர் இத எலிய வச்சு காட்டிட்டாங்க. சாதாரண எலிங்கள்ல பாதிக்கு நோய் தொத்த சுமார் 1 லட்சம் சால்மோனெல்லா (வயித்துப்போக்கு கொண்டு வர்ற ஒரு பாக்டீரியா) தேவைப்பட்டுச்சு, ஸ்ட்ரெப்டோமைசின்ங்குற ஆன்டிபயாடிக் குடுத்த பிறகு பத்து கூட தேவைப்படல!

நம்ம பாக்டீரியா இடத்த மட்டும் அடைக்கல. நார்ச்சத்த தின்னுட்டு பியூட்ரேட்னு ஒண்ண விடும், குடல் சுவர் செல்லுக்கு அதுதான் சாப்பாடு, அத எரிக்க செல்லு ஆக்ஸிஜன இழுத்துக்கும், அதனால பெருங்குடலுக்குள்ள ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இருக்காது, ஆக்ஸிஜன் கெடச்சா வேகமா பெருகுற சால்மோனெல்லாவுக்கு அங்க பொழப்பு ஓடாது. (நார்ச்சத்தே இல்லாம சாப்பிடுறதும் தப்புதான்னு இப்ப புரியும்.) பித்தநீர் கதை இன்னும் சுவாரஸ்யம். சில பாக்டீரியா பித்த அமிலத்த மாத்தி சி.டிஃப் (ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் மோசமான வயித்துப்போக்கு கொண்டு வர்ற பாக்டீரியா) வளர முடியாத பொருளாக்கிடும், அதுங்க செத்துட்டா மாத்தாத பித்த அமிலம் அப்படியே தங்கி, விதை மாதிரி தூங்கிட்டு இருந்த சி.டிஃப் ஸ்போர முளைக்க வச்சிடும்.

சரி, நல்ல பாக்டீரியா அடங்கின புரோபயாட்டிக் மாத்திரை போட்டா எல்லாம் திரும்பிடும்னு நெனைக்கிறது அடுத்த தப்பு. 2018ல வந்த ஒரு ஆய்வுல ஆன்டிபயாடிக் முடிச்சு சும்மா விட்டவங்களுக்குத்தான் பழைய பாக்டீரியா சீக்கிரம் திரும்புச்சு, புரோபயாட்டிக் எடுத்தவங்களுக்கு லேட்டாச்சு. அதுக்காக புரோபயாட்டிக்கே வேஸ்ட்னு சொல்லல, சிலது ஆன்டிபயாடிக்கால வர்ற வயித்துப்போக்க குறைக்கும், டாக்டர கேட்டு எடுங்க. இதையெல்லாம் படிச்சுட்டு டாக்டர் எழுதின ஆன்டிபயாடிக்க பாதில நிறுத்துறது அதவிட மோசம்.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ முடிஞ்சு சில வாரத்துலயோ ஒரு நாளைக்கு மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போச்சுன்னா, நீங்களா லோபரமைடு மாதிரி வயித்துப்போக்க நிறுத்துற மாத்திரை போட்டு அடைக்காதீங்க, சி.டிஃப்பா இருந்தா சிக்கல். டாக்டர்கிட்ட போய் எந்த ஆன்டிபயாடிக் எப்ப எடுத்தீங்கன்னு மொதல்ல சொல்லுங்க, பல பேர் அத சொல்லவே மறந்துடுறாங்க.