சீடையா, பணியாரச் சட்டியா?

சிங்கப்பூரின் சாங்கி கடற்கரையில் நீர் வடிந்த பிறகு மணலில் குட்டிக் குட்டி உருண்டைகள் பரந்து கிடக்கும். விரல் நகம் அளவே உள்ள நண்டுகள் மணலை வாயில் சலித்து, தின்ன முடிந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டிப் போட்டவை. அதை நெருக்கமாகப் படம் எடுத்து வீட்டில் காட்டினேன். அம்மா “சீடை மாதிரி இருக்கே” என்றார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மாமாவுக்கு அது வெல்டிங் அடிக்கும்போது தெறித்து ஒட்டும் உருண்டை.

அதே படத்தை “நண்டு உருட்டிய மணல்” என்று எழுதி அத்தைக்கு அனுப்பினேன். “ஓ, நண்டா” என்று பதில் வந்தது. அவ்வளவுதான். என்னவென்று உடனே பிடிபடாதபடி இயற்கையை நெருக்கமாக எடுக்கும் இந்த வகைப் படங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: பார்ப்பவர் யோசிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவது. இதைவிட மோசம் ‘பிரபஞ்சத்தின் மௌனம்’ போன்ற தலைப்புகள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1920களில் வெறும் மேகங்களை எடுத்து ‘ஈக்விவலென்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார். மனநிலைக்கு இணையானவை என்ற பொருளில் வைத்த பெயர். எந்த மனநிலை என்று அதில் இல்லை. பல படங்களில் தொடுவானம்கூடக் கிடையாது.

அடுத்தது, படத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை தானாக எடுத்துக்கொள்கிறது. நிழல் உருண்டையின் கீழ்ப்பக்கம் விழுந்தால் மேடாகத் தெரியும். அதே படத்தைத் தலைகீழாக்கினால் மேடெல்லாம் குழியாகிவிடும். நானே ஒருமுறை கவனிக்காமல் திருப்பிக் காட்டிவிட்டேன். அம்மா உடனே, “இப்போ பணியாரச் சட்டியா?” என்றார். வேண்டுமென்றே திருப்பினால் சரி. தெரியாமல் திருப்பினால் நீங்கள் எடுத்தது ஒன்று, அவர்கள் பார்ப்பது வேறொன்று.

அந்த நிழலே நண்பகலில் கிடைக்காது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1 டிகிரிதான் வடக்கே. உச்சிவெயிலில் மணல் தட்டையாகிவிடும். இங்கே விடிவதே ஏறக்குறைய 7 மணிக்கு. ஆகவே 9 மணிக்குள் நீர் வடியும் நாளாகப் பார்த்துப் போங்கள். மரப்பட்டைக்கு இது தலைகீழ்: மழை விட்ட கையோடு, மேகமூட்டத்தில் எடுத்தால் நிறம் ஆழமாக இருக்கும். அப்புறம் அதற்கு மேல் நிறத்தைக் கூட்டாதீர்கள், சாயம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சுங்கை பூலோவில் சதுப்புநில மரங்களை எடுக்கும்போது வேறொரு தொல்லை. இரண்டு கணு, கீழே ஒரு கீறல் இருந்தால் போதும், முகம் வந்துவிடும். முகம் வந்தபின் வேறு எதுவும் கண்ணில் படாது. முகம்தான் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு கண் படத்துக்குள் வராதபடி வெட்டிவிடுங்கள். மணல் படத்தில் ஓரமாக விழுந்த சவுக்கு ஊசியிலையும் அப்படித்தான், அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது சில நேரம் பிடிக்கும் என்பது வேறு கதை.

கைபேசியைப் பரப்புக்கு இணையாகப் பிடிக்காவிட்டால் ஒரு மூலை மங்கும். ஏர்கானிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

படம் அழகாக வர வேண்டும் என்று பட்டையை உரிப்பது, இலையைப் பறிப்பது மட்டும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகளில் அது சட்டப்படியும் குற்றம். புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையை நிலமீட்புக்கு, அதாவது கடலை நிரப்பி நிலமாக்க, எடுக்கவிருந்து, 2001இல்தான் அந்தத் திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். அங்கே நடைபாதையில் நின்றபடியே, ஜூம் லென்ஸ் போட்டுக்கொண்டால் சேற்றில் நீர் வரைந்த கோடுகள் நன்றாகவே கிடைக்கும்.

காட்டும்போது நான் இப்போது “என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேட்கிறேன். மாமாவிடம் அது நண்டு வேலை என்று இன்னும் சொல்லவில்லை.