பாலிஷ் மெஷினுக்குக் கடைசி வேலை: வீட்டிலேயே கார் பெயிண்டைத் தேற்றுவது எப்படி?

புளியரை எஸ் வளைவில் எம்சாண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்த வண்டியின் பானெட்டைத் தடவிப் பாருங்கள், விரல் நரநரக்கும். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து வண்டிகளுக்கு இந்தக் கல் தூசிதான் முதல் எதிரி. தூசி படிவதால் மட்டும் கீறல் விழாது. காலையில் அவசரமாகக் காய்ந்த துணியாலோ டஸ்டராலோ ‘ஒரு தட்டு’ தட்டுகிறோமே, அப்போதுதான் விழுகிறது. வெயிலில் பார்த்தால் பெயிண்டில் சிலந்தி வலை மாதிரி தெரியும் வட்டக் கோடுகளில் பெரும்பாலானவை இப்படி நாமே போட்டவை.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் க்ளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சைத் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். கம்பெனி பெயிண்ட் பிரைமர், கலர், க்ளியர் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் க்ளியர் சுமார் 40, 50. நைஸ் பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரானை எடுக்கும், காம்பவுண்ட் என்ற கரகரப்பான பாலிஷ் அதைவிடக் கூடுதலாகத் தின்னும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்த க்ளியர்தான். அது மெலிந்துபோனால் சில வருடத்தில் ரூஃபும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்கும். ஆகவே வருடம் தவறாமல் பாலிஷ் போடுவது வண்டிக்குச் செய்யும் உபகாரம் அல்ல. வாட்டர் வாஷ் கடையில் அரை மணியில் போட்டுத் தரும் ‘ரப்பிங் பாலிஷ்’ பெரும்பாலும் எண்ணெய்ப் பசையால் கீறல் கோடுகளை மறைப்பது. நாலு வாஷுக்குள் பழைய கோடு மறுபடி தெரியும்.

எந்த வண்டியில் கை வைக்கக்கூடாது என்பதையும் பார்த்துவிடுங்கள். க்ளியர் ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தால் பாலிஷ் உதவாது, ரீபெயிண்ட்தான். டிங்கரிங் முடித்துப் புதிதாக பெயிண்ட் அடித்த பேனலை ஒரு மாதமாவது விட்டுவிடுங்கள். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டும்போது நகம் மாட்டினால் அந்தக் கீறலைத் துரத்த வேண்டாம். பழைய வண்டி என்றால் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது க்ளியர் இல்லாத பெயிண்ட். பாலிஷ் போடலாம், ஆனால் மெதுவாக.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஆனி, ஆடிச் சாரலில் திறந்த வெளியில் இதைத் தொடாதீர்கள். காற்று மண்ணை வாரி ஈரமான பேனல் மேல் போடும். சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு இடைவெளி உண்டு, அல்லது தை, மாசி. கார் ஷெட் அல்லது போர்டிகோ நிழல் வேண்டும். பேனலில் புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

இனி வாஷ். இதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். முதலில் பிரஷர் வாஷர் அல்லது ஹோஸ் தண்ணீரால் மேலிருந்து கீழாக அடித்துக் கல் தூசியைக் கை படாமலே இறக்குங்கள். வீல் ஆர்ச்சுக்குள்ளும் அடியுங்கள். புனலூர்ப் பக்கம் போய் வந்த வண்டி என்றால் செம்மண் கரைந்து வந்துகொண்டே இருக்கும், தெளிந்த நீர் ஒழுகும்வரை விடாதீர்கள். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் பத்து லிட்டர் தண்ணீரும் கார் ஷாம்பூவும் (அளவு பாட்டிலில் இருக்கும்), இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பேனல், வெறும் தண்ணீரில் அலசல், மறுபடி ஷாம்பூ. ரூஃபில் தொடங்கி, கதவின் அடிப்பாகமும் பின் பம்பரும் கடைசி. கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், இருக்கிற வேக்ஸை அரித்துவிடும்.

போர் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றால் பேனலில் காயவிடாமல் உடனே கனமான மைக்ரோஃபைபர் டவலால் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே வெள்ளை வட்டங்கள் இருந்தால், வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துக் கழுவுங்கள். போகாத வட்டம் க்ளியருக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதை பாலிஷில்தான் பார்க்க வேண்டும். மாமரம் பூக்கும் தை, மாசியில் மரத்தடியில் நிறுத்திய வண்டியில் தத்துப்பூச்சி கழித்த பிசுபிசுப்பு கண்ணாடி முதல் கூரை வரை ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான ஷாம்பூத் தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும், சுரண்டக் கூடாது. காக்கா எச்சத்துக்கும் இதே வைத்தியம், ஆனால் அது வெயிலில் காயும் முன்பே.

கழுவி முடித்ததும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். பிரேக் தூளிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள் என்றால் அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதாவாக ஒழுகும் (நாற்றம் குடலைப் பிடுங்கும்). லேபிளில் சொன்ன சில நிமிடங்களில், காயும் முன்பே கழுவிவிடுங்கள். மிச்சத்துக்கு க்ளே பார், அதாவது ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. 50 கிராம் துண்டைத் தட்டையாக்கி, ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கேறினால் மடித்துப் புதுப் பக்கம். கீழே விழுந்த க்ளேயைக் குப்பையில் போடுங்கள், மனது வராதுதான்.

இப்போது மெஷின். வீட்டுக்கு, பேட் சுற்றிக்கொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. ரோட்டரி ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும், பழகாத கையில் ஓரங்களில் பெயிண்டைச் சில நொடியில் எரித்துவிடும். ட்ரில் மெஷினில் பேட் மாட்டுவதும் அதே கதைதான். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பேனல் விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் மெலிதாகவே இருக்கும்.

முழு வண்டியிலும் இறங்கும் முன் பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒன்றில் சோதனை. மென்மையான ஃபோம் பேடும் நைஸ் பாலிஷும்தான் முதலில். புதுப் பேடில் பட்டாணி அளவு நாலைந்து பொட்டு, அடுத்தடுத்த சதுரத்துக்கு மூன்று போதும். பேடைப் பேனலில் வைத்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள், இல்லையென்றால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பி, மெஷினின் ஆறு வேக எண்களில் நாலு அல்லது ஐந்துக்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை என நாலு முதல் ஆறு முறை. பேடின் பின் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அது சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். கோடு நின்று மெஷின் வெறுமனே அதிர்ந்தால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

துடைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்தாறு பங்கு கலந்து தெளித்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். அப்புறம் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முக்கால்வாசிக் கோடு போயிருந்தால் அதே ஜோடியை முழு வண்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் முதலில் கொஞ்சம் கடினமான பேட், அதுவும் போதாவிட்டால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நைஸ் பாலிஷில் தெளியும். நூறு சதவீதம் போக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் க்ளியர் காலியாகிறது.

ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து விடுங்கள். அடைபட்ட பேட் சூடேறும், பாலிஷ் தூளாகிப் புதுக் கோடு போடும். ஒரு வண்டிக்கு மூன்று நாலு பேடாவது கையில் இருக்கட்டும்.

கடைசியாகப் பாதுகாப்பு. கார்னோபா வேக்ஸ் நம் வெயிலில் சில வாரம், சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு சில மாதம் நிற்கும். வேக்ஸை மெலிதாகத் தடவி, விரலால் இழுத்தால் பசையில்லாமல் வரும்போது துடையுங்கள். கனமாகத் தடவினால் துடைப்பதுதான் கஷ்டம், பளபளப்பு ஒன்றும் அதிகமாகாது. செராமிக் கோட்டிங் போடுவதாக இருந்தால் ஈரப்பதம் கூடின நாள் வேண்டாம். துடைக்கும் நேரம் தவறினால் அங்கங்கே வானவில் திட்டாக இறுகிவிடும், எடுக்க மறுபடி பாலிஷ்தான். போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் ஷெட்டிலேயே நிறுத்துங்கள். அந்த டஸ்டரை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.