சிம்ப்சன்ஸ் எபிசோட் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

'தி சிம்ப்சன்ஸ்' பார்க்க ஆசைதான், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் இது. அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி என்று ஒரு குடும்பத்தின் கதை. எபிசோட்கள் 750-ஐத் தாண்டிவிட்டன, இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய தொடரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். "எட்டாவது சீசனோடு நிறுத்திவிடு" என்பார் ஒருவர். "பத்து வரைக்கும் தாராளமாகப் பார்க்கலாம்" என்பார் இன்னொருவர். அந்தப் பட்டியல்களில் தப்பில்லை. ஆனால் அவற்றை மனப்பாடம் செய்து திருப்பிச் சொல்பவருக்கு அந்த எபிசோட் சொந்தமாவதில்லை. ஐந்தாறு எபிசோட்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் போதும், உங்களுக்கே ஒரு கருத்து உருவாகிவிடும்.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, எபிசோடுக்கு 22 நிமிடம். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். இவர்கள் வேகமாகப் பேசுவார்கள், அதில் பாதி ஜோக் வார்த்தையில்தான் இருக்கும்.

படி 1: படத்தின் அளவைச் சரிபாருங்கள்

இதைப் பலர் சொல்வதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 வரை வந்த எபிசோட்கள் பழைய டிவிப் பெட்டியின் 4:3 அளவுக்கு வரையப்பட்டவை. டிஸ்னியின் இணைய ஒளிபரப்புத் தளமான டிஸ்னி பிளஸ் 2019-இல் தொடங்கியபோது அவற்றை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டித்தான் காட்டினார்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2020 மே மாதம் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். தொடரின் பக்கத்தில் அந்தத் தேர்வு இருக்கும். அதைத் தேடி, அசல் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நான்காம் சீசனில் 'டஃப்லெஸ்' என்று ஒரு எபிசோட். ஹோமர் பீர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். அங்கே டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள். மூன்று வகை பீர், மூன்று பெயர். ஆனால் மேலே பார்த்தால் ஒரே குழாயிலிருந்துதான் மூன்று தொட்டிக்கும் பீர் இறங்குகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஜோக் முழுக்க அந்தக் குழாயில்தான் இருக்கிறது. வெட்டிய படத்தில் குழாயே கிடையாது. அதைப் பார்த்துவிட்டு "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் தவறு ஆகாது.

படி 2: முதல் சீசனில் தொடங்காதீர்கள்

வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதல் சீசனில் முகங்கள் இன்னும் நிலைபெறவில்லை, ஹோமரின் குரலும் வேறு. அவனுக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெல்லனெட்டா அப்போது நடிகர் வால்டர் மாத்தாவின் சாயலில் கரகரவென்று பேசிக்கொண்டிருந்தார். முதலில் வர வேண்டிய எபிசோடின் படங்கள் திருப்தியாக வராததால் அதைத் திருத்தி, சீசனின் கடைசியில் 1990 மே மாதம் ஒளிபரப்பினார்கள். அதனால் ஒரு கிறிஸ்துமஸ் கதைதான் தொடரின் முதல் எபிசோட் ஆனது. இதெல்லாம் தொடரைப் பிடித்துப்போன பிறகு ஆசையாகப் பார்க்க வேண்டியவை. தொடக்கத்துக்கு வேண்டாம்.

இரண்டாம் சீசனின் 19-ஆம் எபிசோடைப் போடுங்கள். பெயர் 'லிசாஸ் சப்ஸ்டிட்யூட்'. 1991 ஏப்ரலில் வந்தது.

படி 3: "யாருக்கு என்ன வேண்டும்?" என்று எழுதுங்கள்

எபிசோட் ஓடத் தொடங்கி ஏழெட்டு நிமிடத்துக்குள் நோட்டில் ஒரே ஒரு வரி. இந்தக் கதையில் யார் எதற்காக ஏங்குகிறார்? எந்த ஜோக் நன்றாக இருந்தது என்று இப்போதைக்குக் குறிக்க வேண்டாம், அது தானாக நினைவில் நிற்கும்.

'லிசாஸ் சப்ஸ்டிட்யூட்' எபிசோடுக்கு என் நோட்டில் இருக்கும் வரி இது: "தன்னைப் புரிந்துகொள்ளும் ஒரு பெரியவர் லிசாவுக்கு வேண்டும்." டீச்சர் விடுப்பில் போக, பெர்க்ஸ்ட்ராம் என்ற தற்காலிக ஆசிரியர் வருகிறார். குரல் கொடுத்தவர் டஸ்டின் ஹாஃப்மன், ஆனால் பெயர்ப்பட்டியலில் சாம் எடிக் என்ற புனைபெயர்தான் இருக்கும். எட்டு வயதுப் பெண்ணுக்கு முதல்முறையாக, தன் அறிவைப் பார்த்து மகிழ்கிற ஒருவர் கிடைக்கிறார். தற்காலிக ஆசிரியர் என்றால் ஒருநாள் போய்விடுவார் அல்லவா? போகிறார். லிசா ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். தனியாக இருப்பதாகத் தோன்றும்போது இதைப் பார்த்துக்கொள் என்று ஒரு சீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் ரயிலேறுகிறார். ரயில் போன பிறகு அவள் பிரிக்கிறாள். "நீ லிசா சிம்ப்சன்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

நான் முதல்தடவை பார்த்தபோது அந்தச் சீட்டோடு எபிசோட் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். முடியவில்லை. வீட்டுக்கு வந்தவள் அப்பாவைப் பார்த்து "நீங்கள் ஒரு பபூன் குரங்கு" என்று கத்திவிட்டு அறைக்குள் போகிறாள். ஹோமருக்கு அவள் துக்கம் புரியவில்லை, புரியவில்லை என்பதை அவனே அவளிடம் ஒப்புக்கொள்கிறான். அப்புறம் அவள் திட்டிய அதே குரங்கைப் போலச் சத்தம் எழுப்பிக் காட்டுகிறான். அவள் சிரித்துவிடுகிறாள். புரிந்துகொள்ளும் ஒருவர் வேண்டும் என்று ஏங்கியவளுக்கு, புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கிடைக்கிறார். நோட்டில் அந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்காவிட்டால் இந்த இடம் எனக்கு வெறும் குரங்கு ஜோக்காகத்தான் போயிருக்கும்.

படி 4: கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி பாருங்கள்

அடுத்து ஆறாம் சீசனின் 13-ஆம் எபிசோட், 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ', 1995 ஜனவரி. ஆல்பத்தில் மேகியின் போட்டோ ஏன் ஒன்றுகூட இல்லை என்று பிள்ளைகள் கேட்பதில் கதை தொடங்குகிறது. இதைப் பார்க்கும்போதும் வரியை எழுதிவிடுங்கள். "ஹோமருக்குத் தனக்குப் பிடித்த வேலை வேண்டும்." அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, பந்துருட்டும் பௌலிங் மையத்தில் சந்தோஷமாக வேலை பார்க்கிறான். மூன்றாவது குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தச் சம்பளம் பத்தாது. பழைய முதலாளி பர்ன்ஸிடமே திரும்பிப் போய்க் கெஞ்ச வேண்டிய நிலை. அவர் ஹோமரின் மேசைக்கு எதிரே ஒரு பலகையை மாட்டிவைக்கிறார்: "மறக்காதே, நீ இங்கேதான் என்றென்றைக்கும்."

கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்தப் பலகையின் மேல் ஹோமர் மேகியின் போட்டோக்களை ஒட்டியிருக்கிறான். ஏனோதானோவென்று ஒட்டியதில்லை. சில எழுத்துகளை மறைத்து, சிலவற்றை விட்டிருக்கிறான். மிச்சம் நிற்கும் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், "அவளுக்காகச் செய்." ஆல்பத்தில் போட்டோ இல்லாததற்குக் காரணம் அதுதான். தனக்கு எங்கே மிகவும் தேவையோ அங்கே எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்திருக்கிறான். என் தங்கைக்கு இதைப் போட்டுக் காட்டியபோது முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. "இரு, பின்னாடி போ" என்று சொல்லி மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை ஒன்றும் பேசவில்லை.

படி 5: பிடித்த ஒன்றையும் பிடிக்காத ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்

பிடித்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கருத்து வளராது. எனக்கு உதவிய ஜோடி இது: எட்டாம் சீசனின் 23-ஆம் எபிசோட் 'ஹோமர்ஸ் எனிமி', 1997 மே, ஒன்பதாம் சீசனின் 2-ஆம் எபிசோட் 'தி பிரின்சிபால் அண்ட் தி பாப்பர்', 1997 செப்டம்பர். இரண்டுக்கும் நடுவே ஐந்து மாதம்கூட இல்லை. இரண்டிலும் கஷ்டப்பட்டு மேலே வந்த ஒரு மனிதனை ஊர் நசுக்குகிறது. ஒன்று எனக்கு இந்தத் தொடரின் உச்சம். இன்னொன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலாவதில் ஹோமரின் அணுமின் நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் ஃபிராங்க் கிரைம்ஸ். நான்கு வயதில் பெற்றோர் கைவிட்டவர், தபால்வழியில் படித்துப் பட்டம் வாங்கியவர், மேலே ஒரு பௌலிங் மையம், கீழே ஒரு பௌலிங் மையம், நடுவில் உள்ள அறையில் குடியிருக்கிறவர். ஹோமர் அமிலத்தைக் குடிக்கப் போகும்போது தட்டிவிட்டு அவன் உயிரைக் காப்பாற்றுகிறார். தட்டிவிட்ட அமிலம் பட்டுச் சுவர் கெட்டுப்போனதற்கு அவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று ஏங்குகிறவர் கடைசியில் வெறுத்துப்போய் மின்கம்பியைப் பிடித்து இறக்கிறார். சவ அடக்கத்தில் ஹோமர் தூக்கத்தில் ஏதோ உளற, கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் அந்தச் சிரிப்பு நமக்கு உறுத்த வேண்டும் என்று எபிசோடுக்குத் தெரியும். அவர் யார், எதற்காக ஏங்கினார் என்பதைக் கடைசி நொடி வரை அது மறக்கவில்லை.

இரண்டாவதில் பள்ளி முதல்வர் ஸ்கின்னர் ஒரு போலி என்று தெரியவருகிறது. உண்மையான ஸ்கின்னர் போர்க்கைதியாக இருந்து இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். பெரும்பாலான ரசிகர்களுக்குக் கோபம், இவ்வளவு நாள் பார்த்த ஸ்கின்னரைப் பொய்யாக்கிவிட்டார்களே என்பதில். ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரருக்கே இந்தக் கதை பிடிக்கவில்லை. என் குறை அது இல்லை. உண்மையான ஸ்கின்னருக்கு என்ன வேண்டும்? தன் வீடு, தன் அம்மா, தன் பெயர். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவரை ரயிலில் கட்டி ஊரைவிட்டு அனுப்புகிறார்கள், இனி இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போடுகிறார், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏங்கி வந்த மனிதனை எபிசோட் பாதியிலேயே கைவிட்டுவிட்டது. ஊர்க்காரர்கள் எதையும் அப்படியே வைத்துக்கொள்ளத் துடிப்பதைக் கேலி செய்யத்தான் இப்படி முடித்தார்கள் என்று வாதிடலாம், அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. இருந்தாலும் அந்த ரயில் போகும்போது என்னால் சிரிக்க முடிவதில்லை.

நீங்கள் இதற்கு நேர்மாறாக எழுதலாம். காரணத்தை மட்டும் எபிசோடுக்கு உள்ளேயிருந்து எடுங்கள்.

படி 6: இந்த அளவுகோல் பொருந்தாத எபிசோடும் உண்டு

நான்காம் சீசனின் 12-ஆம் எபிசோட், 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரெயில்'. எழுதியவர் பின்னாளில் இரவுநேரப் பேச்சு நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற கோனன் ஓபிரையன். ஊருக்குத் திடீரென்று பணம் வருகிறது, ஒருவன் பாட்டுப் பாடியே மோனோரெயிலை அவர்கள் தலையில் கட்டிவிடுகிறான். கட்டுக்கடங்காமல் ஓடும் அந்த ரயில், பெரிய டோனட் விளம்பரப் பலகையில் நங்கூரம் மாட்டி நிற்கிறது. இங்கே யார் ஏக்கத்தையும் தேட வேண்டாம். சிரியுங்கள், சிரித்ததை எழுதுங்கள்.

படி 7: நடுவே தாண்டிப் புதியதையும் பாருங்கள்

பழையது மட்டும்தான் நன்று என்ற பேச்சை நம்பி நானும் பல வருடம் பின்னால் வந்த சீசன்கள் பக்கமே போகவில்லை. அதற்காக இப்போது வருந்துகிறேன். 2011 டிசம்பரில் வந்த 'ஹாலிடேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' பாருங்கள், 23-ஆம் சீசன். முப்பது வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ். வளர்ந்த பார்ட்டும் லிசாவும் பழைய மரவீட்டில் உட்கார்ந்து பெற்றோராக இருப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே கேள்விதான், யாருக்கு என்ன வேண்டும்? பதில் உடனே கிடைக்கும். 2022-இல் வந்த 'பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்' எபிசோடில் ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கணவன் மனைவி கதையாகவே அதை ரசிக்கலாம்.

படி 8: மூன்று வரியில் எழுதுங்கள்

முதல் வரி, யாருக்கு என்ன வேண்டும். இரண்டாவது வரி, அதற்கு என்ன ஆனது என்பதைக் காட்டும் ஒரே ஒரு காட்சி. மூன்றாவது, உங்களுக்கு எப்படி இருந்தது, ஏன். மதிப்பெண் போட வேண்டாம். "பத்துக்கு எட்டு" என்று எழுதி வைத்தால் ஒரு வருடம் கழித்து உங்களுக்கே அதற்கு அர்த்தம் தெரியாது.

மாதிரிக்கு என் நோட்டிலிருந்து ஒன்று. ஏழாம் சீசன், 8-ஆம் எபிசோட், 'மதர் சிம்ப்சன்', 1995:

"செத்துப்போனதாக நினைத்த அம்மா திரும்பி வந்திருக்கிறாள், அவள் கூடவே இருக்க வேண்டும் என்பதுதான் ஹோமரின் ஆசை. போலீஸ் தேடுவதால் அவள் மறுபடி ஓட வேண்டியிருக்கிறது. வேனில் ஏறும்போது தலையை இடித்துக்கொண்டு ஹோமரைப் போலவே 'டோ!' என்கிறாள். வேன் போன பிறகு அவன் கார்மேல் உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், பெயர்ப்பட்டியல் முழுக்க ஓடி முடியும்வரை அந்தப் படம் மாறுவதில்லை, நானும் எழுந்திருக்கவில்லை."