ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டை உங்கள் லேப்டாப்பில் ஏற்றும்போது

கடலூரிலிருந்து காலை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்கள் அலுவலகத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். சேர்ந்த அன்று அவர்களிடம் புதிதாக எதையும் எழுதச் சொல்வதில்லை. தங்கும் விடுதிகளுக்கான புக்கிங் ஆப் ஒன்று பல வருடமாக ஓடுகிறது. அதை உன் லேப்டாப்பில் ஓடவை என்பதுதான் முதல் வேலை. கல்லூரியில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியே பழகியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். எரர் வந்ததும் கோடில் கை வைத்துவிடுகிறார்கள். உள்ளது உள்ளபடி ஒருமுறை ஓடும்வரை ஒரு வரியையும் மாற்றக்கூடாது.

சிக்கல் பெரும்பாலும் வெர்ஷனில் தொடங்கும். லேப்டாப்பில் இருப்பது புத்தம்புது நோட் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் மென்பொருள்), ப்ராஜெக்ட் எழுதப்பட்டது நோட் 14-ல். 2021 அக்டோபரில் வந்த நோட் 17, குறியாக்க வேலைகளைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தின் 3-ஆம் வெர்ஷனுக்கு மாறியது. ஆப்பின் ஃபைல்களை ஒன்றாகக் கட்டித்தரும் வெப்பேக்கின் பழைய 4-ஆம் வெர்ஷன் கேட்கும் எம்டி4 ஹாஷ் (ஃபைலுக்கு அடையாளக் குறி போடும் பழைய முறை) அதில் சாதாரணமாகக் கிடைக்காது. டெர்மினலில் 'டிஜிட்டல் என்வலப்' என்று ஒரு எரர் வந்து நிற்கும். போன வருடம் சேர்ந்த ஒரு பெண் இதற்காக வெப்பேக்கை அப்டேட் செய்தாள். அது இன்னொரு பேக்கேஜைக் கேட்டது, அது வேறொன்றை. சாயங்காலம் பார்த்தால் நாற்பது ஃபைல் மாறியிருந்தது, ஆப் மட்டும் ஓடவில்லை. நோட் 14-ஐப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் ஓடியது. பைத்தானிலும் இதே கதைதான்: பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்ய உதவிய டிஸ்ட்யூட்டில்ஸை 3.12-ல் எடுத்துவிட்டார்கள், அதை நம்பியிருந்த பழைய பேக்கேஜ்கள் பல இன்ஸ்டால் ஆகாது.

எந்த வெர்ஷன் என்று ப்ராஜெக்டின் குறிப்பு ஃபைலான ரீட்மீயில் இல்லாவிட்டால், நோட் வெர்ஷனைக் குறித்து வைக்கும் டாட் என்விஎம்ஆர்சி (.nvmrc) ஃபைலையோ, ஆப் ஓடத் தேவையானதைப் பட்டியலிடும் டாக்கர்ஃபைலையோ பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் லைவ் சர்வரில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். பிறகு பேக்கேஜ்களைப் போட டெர்மினலில் கொடுக்க வேண்டியது என்பிஎம் இன்ஸ்டால் (npm install) அல்ல, என்பிஎம் சிஐ (npm ci). எந்த பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பூட்டி வைத்திருக்கும் லாக் (lock) ஃபைலை முன்னது மாற்றிவிடக்கூடும். பின்னது அந்த ஃபைலில் எழுதியிருப்பதை மட்டுமே போடும். 'லாக் ஃபைலை டெலிட் பண்ணினால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது டாட் என்வ் (.env) ஃபைல், ஆப்பின் பாஸ்வேர்டுகளும் மற்ற சேவைகளுக்கான ரகசியக் கீகளும் இருக்கும் இடம். இதில் நடக்கும் தவறு மற்றவர்களையும் பாதிக்கும். அவசரத்துக்கு லைவ் சர்வரின் டாட் என்வ் ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே போடுவார்கள். ஆப் உடனே ஓடும், ஆனால் அது தொடுவது உண்மையான டேட்டாபேஸை. நானே இதைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உண்மையாகவே எஸ்எம்எஸ் அனுப்பும் லைவ் கீ அதில் இருப்பது தெரியாமல் புக்கிங் ரத்தாகும் பகுதியை ஓட்டிப் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு 'உங்கள் அறை ரத்து செய்யப்பட்டது' என்று மெசேஜ் போய்விட்டது. திண்டிவனம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி விடுதிக்குப் போன் செய்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் குரலை விடுதிக்காரர் எனக்குச் சொல்லிக்காட்டியது இன்னும் மறக்கவில்லை.

மாதிரிக்காக வைத்திருக்கும் டாட் என்வ் டாட் எக்ஸாம்பிள் (.env.example) ஃபைலை நகலெடுத்து, டெஸ்ட் கீகளை மட்டும் நிரப்புங்கள். மெயிலுக்கு மெயில்பிட் என்ற சோதனைக் கருவி போதும், எதையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எஸ்எம்எஸ்ஸை அனுப்பாமல் லாகில் (log, ஆப்பின் பதிவு ஃபைல்) எழுதினால் போதும். லைவ் டேட்டாபேஸின் டம்ப்பையும் (முழு நகல்) அப்படியே இறக்காதீர்கள். புதுச்சேரி விடுதிகளுக்கு வெளிநாட்டவர் நிறைய வருகிறார்கள், அவர்களுடைய பாஸ்போர்ட் எண்கூட அதில் இருக்கும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. அந்த விவரங்கள் பஸ்ஸில் பயணம் செய்யும் ஒரு லேப்டாப்பில் இருக்கக்கூடாது. சோதனைக்காக உருவாக்கிய சீட் (seed) டேட்டா இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

டேட்டாபேஸ் எழவே இல்லையென்றால், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 3306-ஐ வேறு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி நாளில் போட்ட ஸாம்ப் (XAMPP, சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்த தொகுப்பு) பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் கேரக்டர் செட் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) தவறு. டேபிள், கனெக்‌ஷன் இரண்டிலும் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) வேண்டும். விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும், அதனால் பெயரைச் சரியான எழுத்தில் எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எரரே வராது. உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் இருக்கும், சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் (UTC). ஐந்தரை மணி நேர வித்தியாசம். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஒருவர் 'இன்றைக்கே அறை வேண்டும்' என்று புக் செய்கிறார். அப்போது யுடிசியில் 14-ஆம் தேதி இரவு 8:30. 'இன்று' என்பதை மெஷினிடம் கேட்கும் கோடு லேப்டாப்பில் 15 என்று சொல்லும், லைவில் 14 என்று சொல்லும். லோக்கலில் எத்தனை முறை சோதித்தாலும் பிழை கண்ணில் படாது. விடுதி வாசலில் பெட்டியோடு நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் லோக்கலிலும் ஆப்பின் டைம்சோனை யுடிசி என்றே வையுங்கள், பிழை லேப்டாப்பிலேயே கண்ணில் படும்.

எங்கள் அலுவலகத்தில் புதியவர்கள் ப்ராஜெக்டில் பதிவு செய்யும் முதல் மாற்றம், அதாவது முதல் கமிட், கோடில் போகாது, ரீட்மீயில்தான் போகும். எங்கே மாட்டினார்களோ அதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும், மறுநாள் மறந்துவிடும். இப்போது அதில் முதல் வரியாக இருப்பது அந்த வெப்பேக் பெண் எழுதியது: 'நோட் 14 இல்லாமல் தொடங்காதீர்கள், ஸாம்ப் ஓடினால் நிறுத்திவிடுங்கள்.'